ஒன்பதாம் துண்டு

ஓகியா ஸ்டேஷனிலிருந்து இதல்கஸ்ஹின்ன வரை
என் பொறுப்பு.
நீளப் பாதையைத் துண்டு போட்டு
ஆளுக்கொன்றாய்த் தந்தபோது
எனக்கு விழுந்தது ஒன்பதாவது.
கூடவே ஒரு கத்தி, ஒரு கம்பி பிரஷ்,
கால்வாசி டின் மஞ்சள் பெயின்ட்,
அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும்.

பலகையில் மூன்று மொழியில் எழுதியிருக்கிறது
வருடம் முழுக்கத் திறந்திருக்கும் என்று.
பூட்ட ஒரு கதவா இருக்கிறது?
கதவில்லாத ஒன்றைத்
திறந்து வைத்திருக்கத்தான் எனக்குச் சம்பளம்.

தையில் பத்தனைப் புல்
விடியலில் வெள்ளையாய் விறைத்துக் கிடக்கும்,
மிதித்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம்.
பங்குனியில் எவனோ போட்ட நெருப்பு
மேடெல்லாம் கறுப்பாக்கி
தண்டவாளத்தில் வந்து நின்று யோசிக்கும்.
ஆடிக் காற்றுக்கு
என் குடையின் மூன்று கம்பிகள் கொடுத்தாயிற்று.
காட்டுக்குள் மட்டும் எல்லா மாதமும் ஒரே மாதம்,
பாசி, சொட்டு, பாசி.
கார்த்திகையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

கார்த்திகையில் ஓர் இரவு
ஏழாம் கிலோமீற்றருக்கு மேலே
மலை ஒரு தோளை இறக்கிவிட்டது.
யாரும் சாகவில்லை,
அதனால் ரேடியோவில் சொல்லவில்லை.
நான் போனபோது பாதை இருந்த இடத்தில்
உரித்த தோல் மாதிரிச் செம்மண்.
நூறடி கீழே
என் கல்.
போன மாசியில் நான் அம்பு வரைந்த கல்.
உருண்டு புரண்டு
பள்ளத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து
இன்னும் காட்டிக்கொண்டிருந்தது
இப்படிப் போ என்று.
அந்தப் பக்கம் மூடுபனி தவிர எதுவுமில்லை.

அதை நம்பி ஒரு சப்பாத்துத் தடம்
இறங்கிப் போயிருந்தது.
ஏறி வந்த தடம் இல்லை.

கூப்பிட்டேன். பெயர் தெரியாத ஒருவரை
எப்படிக் கூப்பிடுவது?
"ஹோவ்" என்றேன், கொழுந்து மலையில் கூப்பிடுவது போல.
மூன்றாவது தரம் பதில் வந்தது.
சரிவின் விளிம்பில், வேர் ஒன்றைப் பிடித்தபடி
பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.
தில்ருக்ஷன், வெள்ளவத்தை, பேங்க் வேலை.
"அம்பு இந்தப் பக்கம்தானே அக்கா காட்டுது" என்றான்.
ஆமா, காட்டுது.
வால் கொஞ்சம் கோணின அம்பு.
என் கை அப்படித்தான் எழுதும்.
நான்தான் வரைந்தேன் என்று
அவனிடம் சொல்லவில்லை.

மறுநாள் மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தேன்.
நல்ல பெயின்ட். போகவில்லை.
நிஷாந்த அலவாங்கு கொண்டு வந்தான்.
"எழுதினதை அழிக்க ஏலாட்டி
கல்லைக் கவுத்துப் போடுவோம்" என்று
அவன் தமிழில் சொல்லி, சிங்களத்தில் மூச்சு வாங்கினான்.
இரண்டு பேரும் முட்டுக் கொடுத்துத் தள்ளினோம்.
அது முகங்குப்புற விழுந்தது.
இனி மண்புழுக்களுக்கு வழி சொல்லட்டும்.

புதுப் பாதை எங்கே வெட்டுவது?
ஆபீஸிலிருந்து வரைபடம் வருவதாக இருந்தது.
நாங்கள் மேலே ஏறிப் பார்த்தால்
மானாப் புல் இரண்டாய்ப் பிரிந்து கிடக்கிறது.
குளம்புத் தடம், புழுக்கை,
வளைவில் உரசின மரத்தில் ரோமம்.
மண் சரிந்த மறு ராத்திரியே
மரைகள் கூடிப் பேசாமல்
சரிவுக்கு மேலே வழி போட்டிருக்கின்றன,
எங்கள் அளவுக்கும் கொஞ்சம் தாராளமாக.
நாங்கள் பின்னால் போய்க்
கானு மட்டும் வெட்டினோம்.

அடுத்த அம்புக்கு ஒரு பாறை பிடித்தேன்.
முதலில் காலால் உதைத்தேன்.
பிறகு தோளால்.
பிறகு நிஷாந்தவையும் உதைக்கச் சொன்னேன்.
அவன் சிரித்தான், ஆனாலும் உதைத்தான்.

வரைந்து முடிக்கையில் வால் மறுபடி கோணியது.
டின் காலி.
பெயின்டுக்குத் திங்கட்கிழமை ஹப்புத்தளைக்குப் போக வேண்டும்.
கீழே ரயில் சுரங்கத்துக்குள் நுழைகிற சத்தம்,
வெளியே வருகிற சத்தத்துக்காக
இரண்டு பேரும் கொஞ்சம் நின்றோம்.